மூலம் என்று சொன்ன கட்டி

உட்கார முடியாத மனிதனை ஊர் சும்மா விடாது. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தால் ஒருவர் கேட்பார். டீக்கடை பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இன்னொருவர் கேட்பார். எல்லோருக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: மூலம். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் "எங்கே, காட்டு பார்ப்போம்" என்று சொல்லமாட்டார்கள் அல்லவா.

எனக்கு மூலம் கிடையாது. வலது பிட்டத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. குடியை நிறுத்த மாதம் ஒருமுறை போடுகிற ஊசியால் வந்த கட்டி. இதை எழுதும்போதே யாராவது பின்னால் நின்று படிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். புண் ஆறிவிட்டது, இந்தப் புத்தி இன்னும் ஆறவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். என்னைப்போல வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறுகிறவன் இன்னொருவன் இருப்பான்.

நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். மம்சாபுரத்தில் வீடு. ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கேட் செக்யூரிட்டிக்கு சூப்பர்வைசர். ஷிப்டுக்கு வருகிறவர்கள் குடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. மிஷினில் கை போய்விடக்கூடாதே! "ஊதுலே" என்பேன். ஊதுவார்கள். வாடை அடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அன்றைய சம்பளம் போச்சு. காளிராஜ் என்று ஒரு பையன், பஞ்சு பிரிக்கிற டிபார்ட்மெண்டில் வேலை. அவனை ஒருநாள் எல்லோர் முன்னாலும் ஊதச் சொல்லி, "பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுப் பாத்தியாலே? வெக்கமா இல்ல?" என்று காறித் துப்பாத குறையாகப் பேசினேன். அப்போது என் வாயில் கிராம்பு இருந்தது. எதற்குக் கிராம்பு என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். பட்டாளத்துக்காரனுக்குப் பென்ஷன் ஒரு மரியாதை என்றால், மிலிட்டரி கேண்டீனில் மலிவாகச் சாமான் வாங்குகிற கார்டு அதைவிடப் பெரிய மரியாதை. மாதக் கோட்டாவில் வருகிற ரம்முக்கு ஊரே உறவு. கல்யாணம், கெடா வெட்டு, வீட்டுக்குப் பால் காய்ச்சுவது, எதுவானாலும் "மிலிட்டரி இருக்காக, பாத்துக்கிடுவாக" என்று என் தலையில் கட்டுவார்கள். மகள் மாரீஸ்வரியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு, சம்பந்தி வீட்டுக்கு மாதாமாதம் என் கோட்டாவிலிருந்து பாட்டில் போகும். சம்பந்தி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். பெண் வீட்டுச் சீர் மாதிரி, தீபாவளிக்கு வேட்டி சட்டை கொடுப்பது மாதிரி, அதையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். கொடுப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை!

மிச்சம் இருப்பது என் பங்கு. அது போதாமல் கடைக்கும் போவேன். ஒருநாள் காலை மில் கேட்டில் பூட்டுக்குள் சாவியை நுழைக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. ஷேவ் செய்யப் போய் முகமெல்லாம் கீறல். என் மனைவி கனகா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் குடும்பப் பென்ஷன் வாங்க இப்பம் ஆசையில்ல. கெளம்புங்க டாக்டர்கிட்ட."

புருஷன் செத்தால் பெண்சாதிக்கு வருகிற பென்ஷன் அது. அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் ராஜபாளையத்தில் இருந்தார். வாசலில் பெரிய போர்டு, "மனநலம், போதை மீட்பு" என்று தெருமுனையிலிருந்தே தெரியும். பைக்கை வேறொரு தெருவில் பல் ஆஸ்பத்திரி முன்னால் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து போனேன். ராஜபாளையத்தில் நடந்து போகும்போதும் ஹெல்மெட் போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தும் கழற்றவில்லை. "ஐயா, இங்க தேங்காய் எதுவும் விழாது, கழட்டுங்க" என்றார் அங்கிருந்த நர்ஸ்.

ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் வீங்கித்தான் இருக்கிறது, ஆனால் மருந்து தாங்கும் என்றார் டாக்டர். முதலில் ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை கொடுத்து, நடுக்கம் நின்று, உடம்பு குடி இல்லாமல் இருந்து பழகிய பிறகுதான் ஊசி. பொறுமையாக விளக்கினார். குடித்தால் வருகிற சந்தோஷத்துக்கு மூளையில் ஒரு கதவு இருக்கிறதாம். இந்த மருந்து அந்தக் கதவைப் பூட்டிவிடும். குடித்தாலும் அந்தக் கிறுகிறுப்பின் சுகம் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஆசையும் விட்டுப்போகும். பூட்டு ஒரு மாதத்துக்கு நிற்கும், பிறகு அடுத்த ஊசி.

"தலைவலி வரலாம், குமட்டல் வரலாம், அசதியா இருக்கும். போட்ட இடத்துல கட்டி மாதிரி வரும், பெரும்பாலும் தானா கரைஞ்சிரும். பெருசானாலோ, செவந்தாலோ, தோல் கறுத்தாலோ உடனே எங்கிட்ட வந்திரணும். தேய்க்கக்கூடாது, ஒத்தடம் குடுக்கக்கூடாது. இன்னொண்ணு, இதுதான் முக்கியம். பெரிய வலிக்குப் போடுற சில ஊசிகளும் இதே கதவு வழியாத்தான் வேலை செய்யும். கேக்கலயேன்னு அதைக் கூட்டிக் கூட்டிப் போட்டா மூச்சுக்கே ஆபத்து. அதனால நீங்க எந்த ஆஸ்பத்திரிக்கு எதுக்காகப் போனாலும் இந்த ஊசி போடுறதை முதல்ல சொல்லிரணும். சொல்லுவீங்கல்ல?"

"சொல்லுதேன் சார்" என்றேன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, செத்த நேரம் வெளியே வைத்திருந்து, தூளையும் தண்ணீரையும் கலக்கினார்கள். கெட்டியான மருந்து, தடித்த ஊசி. சதைக்குள் ஆழமாக இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் தலை கனத்தது. கனகா வைக்கிற புளிக்குழம்பு மண்ணாக இருந்தது. எதிலும் ஒரு விருப்பு இல்லை. மாங்காய் சீசனில் மாங்காயைக் கண்டு நாக்கு ஊறாத ஆளாகிவிட்டேன். ஆனால் சொல்லாமல் இருக்கக்கூடாது, ஊசி வேலை செய்தது. கேண்டீனில் போய் நின்றால், பாட்டில் எனக்கு பினாயில் பாட்டில் மாதிரித்தான் தெரிந்தது. ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஏன் கேண்டீனுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். கோட்டாவை வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே! "மிலிட்டரி குடிய விட்டுட்டாகளாம், அம்புட்டு முத்திப்போச்சாம், ஊசி போடுதாகளாம்" என்று பேசுவார்களே! அதனால் வழக்கம்போல வாங்கினேன், வழக்கம்போலப் பங்கிட்டேன். என் பங்கையும் சேர்த்துச் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். அவர் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒன்று வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். மறுபடி வலப்பக்கம் போட்டபோதுதான் கட்டி வந்தது. கரையவில்லை. பைக்கில் உட்கார்ந்தால் உயிர் போனது. மூலம் என்ற என் சொல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி நேரில் வந்தார். ஒரு கையில் கருணைக்கிழங்கு, இன்னொரு கையில் தூக்குவாளி.

"மச்சான், உங்க தங்கச்சி துத்தி எலைய வெளக்கெண்ணெயில வதக்கிக் குடுத்துவிட்டிருக்கா. சூட்டோட வச்சுக் கட்டணுமாம். எங்க அப்பாவுக்கு இதுலதான் சொகமாச்சு. வெக்கப்படாம கட்டுங்க, என்ன?"

வெட்கப்படாமலாம்! அந்த மனிதர் வீட்டில் ஒரு பெண்மணி எனக்காக இலை பறித்து வதக்கியிருக்கிறார். இல்லாத நோய்க்கு வந்த மருந்தை என்ன செய்வது? அவர் கூடத்தில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறைக்குள் போனேன். தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, வலியும் தாங்கவில்லை. மூலத்துக்கு வந்த இலைப்பற்றைச் சுடச்சுட ஊசிக்கட்டியின் மேலேயே வைத்துக் கட்டிக்கொண்டேன். ஒத்தடம் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவில்தான் இருந்தது. எப்படி இருக்கு மச்சான் என்று அவர் கேட்டதும், "எதமா இருக்கு" என்றேன். அந்தப் புண்ணியவான் மறுநாளும் கொடுத்துவிட்டார். நானும் கட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் கட்டியின் மேல் தோல் கறுத்தது. பிறகு வெடித்தது. குளிர்க்காய்ச்சலில் பல் கிட்டித்தது. கனகா ராஜபாளையம் டாக்டருக்குப் போன் செய்யப் போனாள், போனைப் பிடுங்கினேன். அதற்குள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுச் சம்பந்தி காரோடு வந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பின்சீட்டில் என்னைக் குப்புறப் படுக்கப் போட்டார். என் தலை கனகாவின் மடியில். வழியெல்லாம் அவள் என் காதுக்குள், "சொல்லிருங்க, அங்க போய்ச் சொல்லிருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சர்ஜன் பார்த்தார். "ஊசி போட்ட இடமா?"

"ஆமா சார். காய்ச்சலுக்கு ஒரு இடத்துல போட்டேன்."

பக்கத்தில் சம்பந்தி நிற்கிறார். வேறு என்ன சொல்வேன்? சர்க்கரை பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே சதை செத்துப்போயிருக்கிறது, வெட்டி எடுத்தால்தான் மேலே பரவாது என்றார்கள். பட்டாளத்துக்காரனுக்கு இலவச வைத்தியத்துக்குக் கார்டு உண்டு. அதைக் காட்டினால் பெயரும் நோயும் பதிகிற இடத்தில் எங்கள் ஊர்க்காரர் இருக்கிறார் என்று அதையும் எடுக்கவில்லை. கனகாவின் செயின் அடகுக்குப் போனது. அவள் கழுத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் வலிக்கு ஊசி போட்டார்கள். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் அப்படியே. தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன். "மச்சான், நீங்க பனியில நின்ன ஆளு, தைரியமா இருங்க" என்று சம்பந்தி முதுகைத் தடவினார். அவர் தடவத் தடவ எனக்கு அவமானம்தான் கூடியது.

மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இந்த அளவுக்குப் போட்டா எழுபது கிலோ ஆளுக்குத் தூக்கம் வரணுமே. வேற ஏதாவது மருந்து, ஊசி எடுக்குறீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா."

"சரி, இதைவிடப் பெரிய மருந்து ஒண்ணு இருக்கு. கூட்டிப் போட்டுப் பார்ப்போம். மூச்சு அமுங்கும், மெஷின் பக்கத்துல வைங்க சிஸ்டர்."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினார். பூட்டிய கதவை எவ்வளவு பலத்தோடு தள்ளப்போகிறார்கள், கதவு திடீரென்று திறந்துகொண்டால் என் மூச்சு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் விளக்கமாகச் சொன்னார்களே. தெரிந்தும் வாய் வரவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், அந்த நிமிஷம் சாவதைவிடச் சம்பந்தி ஏட்டையா முன்னால் அதைச் சொல்வதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கனகா கட்டில் கம்பியைப் பிடித்தாள். "நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லட்டா?" மருமகன் வீட்டு ஆள் நிற்கிறார் என்றால் அவள் சத்தமாகப் பேசியதே கிடையாது. அன்றைக்கு வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

"குடிய நிறுத்த ஊசி போட்டிருக்கேன் டாக்டர்" என்றேன். "மாசா மாசம் போடுறது. வலி ஊசிய வேல செய்ய விடாதாம்."

டாக்டரம்மா கையை நீட்டி நர்ஸைத் தடுத்தார். திட்டவில்லை. "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார். ராஜபாளையம் டாக்டரின் நம்பர் வாங்கிப் பேசினார். முதுகுத்தண்டில் மரத்துப்போகிற ஊசி வேறு வழியில் வேலை செய்யும், அதைப் போட்டுச் செய்துவிடலாம் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். என் கவனம் அதில் இல்லை. சம்பந்தி நின்ற இடத்தைப் பார்த்தேன். ஆள் இல்லை. வெளியே போயிருந்தார்.

போச்சு, என்றது மனசு. மகள் வாழ்க்கைக்குள் என் குடியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டோடு அவளுக்கு இதையும் பரிமாறுவார்கள். "உங்க அப்பன் யோக்கியதை தெரியாதா?"

ஆபரேஷன் முடிந்தது. ஒரு கைப்பிடி சதை போயிருக்கும். குப்புறத்தான் படுக்க வேண்டும். தினமும் புண்ணைத் திறந்து கழுவிக் கட்டும்போது பெரிய வலி மருந்து எதுவும் ஆகாது. பூட்டு திறக்க இன்னும் நாள் இருந்தது. பாட்டிலில் ஏற்றுகிற சாதாரண வலி மருந்தும், சுற்றிலும் மரக்க வைக்கிற ஊசியும்தான். ஏதோ தாங்கினேன். குப்புறக் கிடப்பவனுக்கு மனிதர்களின் கால்தான் தெரியும். நர்ஸின் வெள்ளைச் செருப்பு, கனகாவின் வார் அறுந்த ரப்பர் செருப்பு. சம்பந்தியின் பழுப்பு போலீஸ் ஷூ வரவேயில்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அதைத் தேடுவேன். வந்துவிடுமோ என்றும் பயப்படுவேன்.

வந்தது. கூடவே மாரீஸ்வரியின் கொலுசுக் காலும். கையில் ரசம் சாதம் இருந்தது, வாசனையிலேயே தெரிந்தது. ஷூ கட்டில் பக்கத்தில் நின்றது. பிறகு ஏட்டையா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் முகமும் அவர் முகமும் நேருக்கு நேர் வந்துவிட்டன. ஒளிவதற்கு இடமில்லை.

"மச்சான்," குரல் இறங்கியிருந்தது. "ராஜபாளையத்துல அந்த டாக்டரு எந்தத் தெரு?"

"யாருக்கு மச்சான்?"

அவர் தரையைப் பார்த்தார். மாரீஸ்வரிதான் பேசினாள்.

"யாருக்கா? மாசா மாசம் நீங்க குடுத்துவிட்ட பாட்டில எங்க வீட்ல யாரு குடிச்சான்னு நெனச்சீக?"

ஏட்டையாதான் மெல்லச் சொன்னார். நெஞ்சுவலி வந்த பிறகு அவர் குடியைத் தொட்டதே இல்லையாம். பெண் வீட்டுக்காரர் மரியாதைக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படித் திருப்பி அனுப்புவது என்று வாங்கி வைப்பாராம். பீரோவில் வைத்துப் பூட்டினாலும் மகன் எடுத்துவிடுவானாம். மாப்பிள்ளை மோட்டார் ரிப்பேர் பார்த்துக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கடை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறதாம்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

"எப்படிச் சொல்ல? உங்க வாயிலயும் அதே வாடதான வந்துச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பிறகு கரண்டியில் எடுத்து என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். என் குட்டை மறைக்க நான் பங்கிட்ட சரக்கு, என் பங்கையும் சேர்த்து, என் பிள்ளை வீட்டிலேயே இறங்கியிருக்கிறது. புண்ணைக் கழுவும்போது கத்தாத அளவுக்குப் பழகியிருந்தேன். அன்றைக்குச் சோற்றை விழுங்க முடியாமல் அழுதேன். ஏட்டையா தன் துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து புண் கூடிய பிறகு கேண்டீன் கார்டை மளிகைக்கும் சோப்புக்கும் மட்டும்தான் எடுக்கிறோம். கேட்கிற உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ராஜபாளையம் டாக்டர் என் தழும்பைப் பார்த்துவிட்டு, இப்படி ஆவது அபூர்வம், ஆனால் உங்களுக்கு இனி ஊசி வேண்டாம், அதே மருந்து தினசரி மாத்திரையாக இருக்கிறது என்றார். காலையில் கனகா உள்ளங்கையில் வைத்துத் தருகிறாள், நான் விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டுகிறேன். கேட்டில் ஊதச் சொன்னவனுக்கு இது சரியான தண்டனை.

போன முறை மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் வந்ததே பெரிது. பைக்கை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தினேன். ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டினேன். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிர் பெஞ்சில் பெண்சாதியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். காளிராஜ்.

"சார்! நீங்க எங்க இங்கிட்டு?" என்று பதறி எழுந்தான். அவன் கண் என்னை விட்டு மாப்பிள்ளை மேல் போனது. ஓஹோ, இவருக்குத்தானா என்று அந்தக் கண் கேட்டது. மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

"உக்காருலே காளிராஜ்" என்றேன். "எனக்குத்தான். குடிக்கு மருந்து வாங்க வந்திருக்கேன். உன்ன ஊதச் சொன்னம்லா, அன்னிக்கு நானும் குடிச்சிருந்தேன். இவுக என் மாப்பிள்ள, எனக்குத் துணைக்கு வந்திருக்காக."

பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் முகம் தீயாக எரிந்தது, ஆனால் குனியவில்லை. காளிராஜ் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். அவன் பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் முழங்கால் ஆடுவது நின்றிருந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் பெயர். அவர் அசையவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்தேன்.

"வாரோம் சிஸ்டர்."